மேனேஜர் காரணம் சொல்லாமல் என் வேலை நேரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வருகிறார். என்ன செய்யலாம்?

எந்த ஊர், என்ன வேலை என்று உங்கள் கேள்வியில் இல்லை. ஆனால் "மற்றவர்களுக்கெல்லாம் வேலை இருக்கிறது, என்னை மட்டும் சீக்கிரம் அனுப்பிவிடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் தாண்டிப் போக முடியவில்லை. நீங்களும் என்னைப் போல ஏதோ ஒரு பனியன் கம்பெனியிலோ மில்லிலோ இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஐடி கம்பெனி என்றால் இதில் பாதி உங்களுக்கு உதவாது.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் வேலையை விட்டு நின்றுவிடாதீர்கள், அவர் எதிர்பார்ப்பது அதைத்தான். இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். உங்கள் நேரத்தோடு சேர்த்து, உங்கள் லைனில் (மிஷின் வரிசையில்) அன்றைக்கு யார் யார் எத்தனை மணி வரை இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் கணக்கை மட்டும் வைத்திருப்பார்கள். அதைக் காட்டினால் "ஆர்டர் இல்லம்மா" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள். பக்கத்து மிஷின் அன்று இரவு வரை ஓடியது என்று தேதியோடு எழுதி வைத்திருந்தால் அந்தப் பதில் நிற்காது.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர், துணியின் ஓரத்தை அடிக்கிற மிஷினில் வேலை. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் கணக்கைச் சொன்னால்தான் புரியும். இங்கே சம்பளத்தை மாதத்தில் பேசமாட்டோம், ஷிப்ட்டில்தான் பேசுவோம். காலை 8:30க்கு உட்கார்ந்து மாலை 5:30க்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். ராத்திரி ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை. வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை பார்த்தால் ஒன்பது ஷிப்ட், சனிக்கிழமை கையில் சம்பளம். குடும்பம் நடப்பது அந்த ஒன்பதில்தான். ஆறு ஷிப்ட் சம்பளத்தில் வாடகையும் அரிசியும் போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் அது. என் பக்கத்து மிஷினில் வேலை பார்த்த பெண்ணுக்கு விரலில் ஊசி இறங்கிவிட்டது. ஊசி உடைந்தால் எங்கள் கம்பெனிகளில் ஒரு முறை உண்டு. உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, முழு ஊசியாகச் சேர்த்து, ரெஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டினால்தான் ஸ்டோரில் புது ஊசி தருவார்கள். குழந்தைகள் போடும் துணியில் ஒரு துண்டு மாட்டிக்கொண்டால் மொத்த ஆர்டரும் திரும்பி வந்துவிடும் என்கிற பயம். அன்றைக்கு ரெஜிஸ்டரில் மேல் பாதியை மட்டும் ஒட்டியிருந்தார்கள். முனை கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் மேஜைக்கடியில் காந்தத்தை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார், அந்தப் பெண் விரலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். முனை அவள் விரலுக்குள் இருந்தது.

புளோர் மேனேஜர் அவளைப் பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டிவிட்டு வரச் சொன்னார். நான் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றேன். அடுத்த வாரம் பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிற கம்பெனியின் சோதனை, இருந்தது. இ.எஸ்.ஐ.க்குப் போனால் வேலையில் நடந்த விபத்து என்று பதிவாகும், கம்பெனி ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேலையில் அடிபட்டால் வீட்டில் இருக்கும் நாட்களுக்கு இ.எஸ்.ஐ.யில் 90 சதவீதச் சம்பளம் உண்டு. அதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்கிற நிபந்தனையும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பெண், அதை ஏன் விட வேண்டும்? நானே ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன். டாக்டரிடம் எப்படி நடந்தது என்பதையும் நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் செய்வேன்.

அந்த வாரத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டது. "உங்களுக்கு இனி அரை ஷிப்ட் இல்லீங்க, அஞ்சரைக்குக் கிளம்பிக்கங்க" என்றார் சூப்பர்வைசர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னார். என் மிஷினில் எனக்குப் பின்னால் சேர்ந்த பையனை உட்கார வைத்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கலாம். அந்த அரை ஷிப்ட் ஏட்டிலேயே கிடையாது. 5:30க்கு எல்லோரும் கார்டு பஞ்ச் செய்துவிட்டுத் திரும்ப வந்து உட்காருவோம். அதற்குப் பிந்தைய கணக்கு தனிச் சீட்டில், தனிக் கவரில். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது, அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் புதிய சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அந்த இரட்டையைக் கொடுக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் அரை ஷிப்ட்டை வெட்டினால் எங்கேயும் போய்ப் புகார் கொடுக்க முடிவதில்லை. இல்லாத நேரத்தை எப்படிக் குறைத்தார்கள் என்று கேட்பார்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போயிற்று.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அப்போது நாங்கள் 15 வேலம்பாளையம் என்கிற பகுதியில் ஒரு லைன் வீட்டில் (ஒரே ஓனரின் வரிசை வீடுகளில் ஒன்றில்) இருந்தோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016ல் வந்தது அது. லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு அது வந்து சேருவதே இல்லை. ஓனர் சப் மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறார். ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு டிவி வைத்திருக்கிற குடும்பத்துக்குக் கரண்ட் பில்லே வரக்கூடாது. மாடி வீட்டில் ஏசி போட்டிருப்பவருக்கு வருகிற சலுகை, தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் டெய்லருக்கு வரவில்லை. இந்த ஊரே எங்கள் கையால் ஓடுகிறது. இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. என் ஷிப்ட் குறைந்த மாதத்திலும் ஓனர் ஒரு யூனிட்டைக் கூட விட்டுக்கொடுக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அரை ஷிப்ட்டோடு நின்றிருந்தால் நானும் வேறு கம்பெனி பார்த்துப் போயிருப்பேன். அப்புறம் முழு நாளிலேயே கை வைத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து "நாளைக்கு லைன் இல்லீங்க, வர வேண்டாம்" என்பார்கள். மறுநாள் காலையில் அதே லைன் ஓடும். சம்பளம் போவதோடு இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. இ.எஸ்.ஐ.யில் உடம்பு சரியில்லாத நாட்களுக்குப் பணம் வேண்டுமென்றால் ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பிரசவத்துக்கு ஒரு வருடத்தில் 70 நாள். ஒரு வருடத் தொடர் வேலை என்று காட்ட 240 நாள். உங்கள் நாட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் இத்தனையும் சேர்ந்து போகும். யாரும் உங்களை வேலையை விட்டு நீக்கியிருக்கவும் மாட்டார்கள்.

எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில்லில் பதிலி ஆட்களை (நிரந்தர ஆள் வராதபோது கூப்பிடுகிறவர்களை) வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதை வருடக்கணக்காகப் பார்த்தவர். அவர்தான் சொன்னார்: "வர வேண்டாம்னு சொன்னாலும் கேட்டுல போய் நில்லு கண்ணு. நிக்கலைன்னா நீ லீவு போட்டதா எழுதிருவான்."

அவர் சொன்னதில் சட்டமே இருந்தது. அப்போது 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம் நடைமுறையில் இருந்தது. ரோலில் (கம்பெனியின் ஆள் பட்டியலில்) பெயர் உள்ள தொழிலாளி சரியான நேரத்துக்கு வந்து நின்று, இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால் அந்த நாள் லே-ஆஃப், அதாவது வேலையை விட்டு நீக்காமல் வேலை மட்டும் தராத நாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஒரு வருடத் தொடர் வேலை முடித்தவருக்கு லே-ஆஃப் நாளுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்துப் பாதி கொடுக்க வேண்டும். ஆனால் வந்து நிற்காதவருக்கு அது கிடையாது. வீட்டில் இருந்துகொண்டு கேட்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது, லே-ஆஃபுக்குப் பாதிச் சம்பளம் என்பது அதிலும் இருக்கிறது.

அதனால் "வராதே" என்ற நாட்களில் எல்லாம் 8:30க்குப் போய் நின்றேன். செக்யூரிட்டி அண்ணனிடம் கேட் நோட்டில் பெயரும் நேரமும் எழுதச் சொன்னேன். முதலில் தயங்கினார், அப்புறம் எழுதினார். உள்ளே போகிற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே போவார்கள். அவமானமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு இல்லை. வீட்டில் உட்கார்ந்து அழுவதுதான் அவமானமாக இருந்தது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் அன்றைய கணக்கை எழுதி வைத்தேன்: நான் வந்த நேரம், திரும்பிய நேரம், லைனில் யார் யார் உள்ளே போனார்கள். தேதி முன்பக்கத்தில் அச்சடித்தே இருக்கிறது.

பிறகு ஆட்கள் விஷயத்தைப் பார்க்கிற பெர்சனல் ஆபீசருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேனேஜரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இந்தத் தேதிகளில் வந்து நின்றேன், வேலை தரவில்லை, அதே தேதிகளில் எனக்குப் பின்னால் சேர்ந்த இன்னார் இன்னார் அதே லைனில் வேலை பார்த்தார்கள், வேலை கொடுங்கள் அல்லது லே-ஆஃப் பணம் கொடுங்கள். அவ்வளவுதான். நேரில் கொடுத்தபோது நகலில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அந்த அட்டை திரும்பி வந்த வாரத்திலேயே கூப்பிட்டார்கள். "எதுக்கும்மா தபாலெல்லாம், நேர்ல சொல்லியிருக்கலாமே" என்றார் அந்த ஆபீசர். நேரில் சொன்னதைத்தான் வாங்கவில்லை என்று நகலை எடுத்துக் காட்டினேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஆறு நாளும் வேலை வந்தது. அரை ஷிப்ட் கடைசி வரை வரவில்லை, பழைய நாட்களுக்குப் பணமும் வரவில்லை. மேனேஜர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். தீபாவளி போனஸ் வாங்கிய பிறகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். நல்ல ஓவர்லாக் கைக்குத் திருப்பூரில் எப்போதும் இடமுண்டு.

"ஆர்டர் இல்லாதபோது மேனேஜர் என்ன செய்வார்" என்று கேட்க ஆள் வருவார்கள். எனக்கும் தெரியும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊரில் எத்தனை லைன் படுத்தது என்று பார்த்தவள்தான் நான். அப்போது எல்லோருக்கும் குறைந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. இருக்கிற வேலையைப் பகிர்ந்து கொடுத்தால் யாருக்கும் மனக்குறை வராது. நான் சொல்வது ஒரே ஆளைப் பார்த்துக் குறைப்பதை. "வேலை சரியில்லாமல் இருந்திருக்கும்" என்றும் சொல்வார்கள். என் மிஷினிலிருந்து ஆல்ட்டர் பீஸ் (திருத்தித் தைக்க வேண்டியது) குறைவு என்று லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மேனேஜரே ஒரு காலத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு என்னைத்தான் பழக்கிவிடச் சொல்வார். யூனியன் பேச்சு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். நான் எந்த யூனியனிலும் இல்லை.

உங்கள் கம்பெனியில் கடிதத்துக்கும் அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் அங்கே வக்கீல் இலவசம், 15100க்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள். கான்ட்ராக்டர் மூலமாகச் சேர்ந்தவர் என்றால் ரோலில் உங்கள் பெயர் யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மனுவில் எழுத வேண்டியது அந்தப் பெயர்தான்.

எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் உங்கள் இ.எஸ்.ஐ. கணக்கில் இந்த ஆறு மாதத்துக்கு எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு கணக்கு, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொரு கணக்கு. 78க்குக் கீழே போகிற மாதிரி இருந்தால் அதையும் கடிதத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். எத்தனை நாள் ஏறியிருக்கிறது, அரை ஷிப்ட்டா முழு நாளா எதைக் குறைக்கிறார்கள் என்று இங்கே கீழே எழுதினால், கடிதத்தில் என்ன எழுதலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.