சிஹிரோ மாறினாளா? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பத்து வயது. போன வாரம் இருவரும் ‘ஸ்பிரிட்டட் அவே’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் பார்த்தோம். சிஹிரோ என்ற பயந்தாங்கொள்ளிச் சிறுமி தைரியசாலி ஆகும் கதை என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். படம் முடிந்ததும், “அவள் எங்கே மாறினாள்? சுரங்கப்பாதைக்குள் போகும்போதும் அம்மா கையைப் பிடித்துத் தொங்குகிறாள், திரும்பி வரும்போதும் அதேதானே?” என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கதாபாத்திர வளர்ச்சியில் இது ஒரு ஓட்டையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் சரியாகவே பார்த்திருக்கிறாள். ‘இப்படி ஒட்டிக்கொண்டு வராதே, நடக்க முடியவில்லை’ என்று அம்மா அலுத்துக்கொள்வதுகூட இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இது கைதவறி நடந்ததாக இருக்க முடியாது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒருவர் தற்செயலாகத் தலையைச் சொறிந்தால் கேமரா அதையும் பிடித்துவிடும். அனிமேஷனில் யாரோ யோசித்து வரையாமல் ஒரு விரல்கூட அசையாது.

அதனால்தான் இதை இயக்கிய ஹயாவோ மியாசாகியின் படங்களில் பாத்திரம் என்ன பேசுகிறது என்பதைவிட உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்வேன். சுரங்கப்பாதைக்கு அப்பால் ஆவிகளின் உலகில் அப்பாவும் அம்மாவும் பன்றிகளாகிவிட, அவர்களை மீட்பதற்காகச் சிஹிரோ ஒரு குளியல் விடுதியில் வேலை தேடிப் போகிறாள். அதன் கொதிகலன் அறைக்கு இறங்கும் மரப்படிக்கட்டை நினைத்துப் பாருங்கள். கைப்பிடி இல்லை, கீழே பாதாளம். சிஹிரோ உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்கிறாள். ஒரு படி உடைகிறது. அவ்வளவுதான், நிற்க முடியாமல் அலறிக்கொண்டே ஓடிப்போய்ச் சுவரில் மோதுகிறாள். அப்புறம், அங்கே அவளுக்கு உதவிய சிறுவன் ஹாக்கு காயம்பட்டபோது அவனைத் தேடிப் போகும் காட்சி. இப்போது கால் வைக்க இருப்பது கட்டடத்துக்கு வெளியே போகும் ஒரு குழாய்தான். அவள் சட்டைக் கையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொள்கிறாள், ஓடுகிறாள். குழாய் பிய்ந்து விழும் நேரத்தில் எதிரே இருக்கும் ஏணியைத் தாவிப் பிடிக்கிறாள். ‘எனக்குப் பயம் போய்விட்டது’ என்று ஒரு வசனமும் இல்லை. பயம் போகவும் இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் போக வேண்டிய இடம் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஹாக்கு கொடுத்த சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே அவள் அழும் காட்சி வருகிறது. கன்னத்தில் உருள்வது சாதாரணக் கண்ணீர் இல்லை, கோலிகுண்டு அளவு சொட்டுகள். அதுவரை அடக்கி வைத்திருந்தது வாயில் சோறு பட்டதும் உடைகிறது. அழுது முடித்ததும் வேலைக்குப் போகிறாள். என்னைப் பொறுத்தவரை படத்தின் திருப்புமுனை அதுதான்.

இது ஒரு சிறுமி வளர்ந்து வேறொருத்தியாக ஆகும் கதை அல்ல, அவளுக்குள் ஏற்கெனவே இருந்தது சூழ்நிலையால் வெளிவரும் கதை என்ற பொருளில் மியாசாகியே பேசியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் கடைசிக் காட்சி ஓட்டையே இல்லை. முதல்முறை அம்மா கையைப் பிடித்தது இருட்டுக்குப் பயந்து. இரண்டாம் முறை பிடிக்கும்போது, அந்த அம்மா பன்றியாகக் கிடந்தது அவளுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தான் உழைத்து மீட்ட கையை ஒரு பத்து வயதுப் பெண் பிடித்துக்கொள்ள மாட்டாளா? அங்கே அவள் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

திரைக்கதை வகுப்புகளில் ‘தொடக்கத்தில் இருந்த குறை முடிவில் நீங்க வேண்டும்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். பல நல்ல படங்களுக்கு அது பொருந்தும்தான். அதையே எல்லாக் குழந்தைப் பாத்திரங்கள் மீதும் அளவுகோலாக வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து அவளுக்கு 1989இல் வந்த ‘கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்’ காட்டுங்கள். அதில் சூனியக்காரச் சிறுமி கிக்கிக்குத் தன் பூனையின் பேச்சு நடுவில் புரியாமல் போய்விடும். பறக்கும் சக்தி திரும்பி வந்த பிறகும் பூனை ‘மியாவ்’ என்றுதான் கத்தும். 1998இல் வந்த டிஸ்னியின் ஆங்கில டப்பிங்கில் பூனை கடைசியில் மறுபடி பேசுவதுபோல் ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் ஜப்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். உங்கள் மகள் அதற்கு என்ன கேட்கிறாள் என்று கட்டாயம் எழுதுங்கள்.