மன்றோ வேண்டாம், டாக்டரே போதும்

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பழைய டாக்டர் வீடு இருக்கிறது. முன்பாதியில் வைத்தியம் பார்ப்பார், பின்பாதியில் குடித்தனம். டாக்டர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் வெளியூரில். இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. மன்றோ துரை தங்கிய பங்களா அது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதை வைத்து வரலாறு எழுதினால் வீட்டைக் காப்பாற்றலாமா? (வாசகி ஒருவர், தருமபுரி)

பதில்: முதலில் மன்றோவை அந்த வீட்டை விட்டு அனுப்பிவிடுவோம். 1792-ல் பாராமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், திப்புவிடமிருந்து ஆங்கிலேயக் கும்பெனியின் கைக்குப் போனது. இங்கே கலெக்டராக இருந்த ரீட் துரைக்கு உதவியாக வந்த, பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ 1799 வரை தருமபுரிப் பக்கம் இருந்தார். நிலம் அளந்தார், உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடி போட்டார். எல்லாம் சரி. நீங்கள் அனுப்பிய போட்டோவில் கூரைக்கு மங்களூர் ஓடு அல்லவா போட்டிருக்கிறது? சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். மன்றோ காலராவில் இறந்தது 1827-ல். ஓட்டைப் பின்னால் மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றியிருக்கலாம். அப்படியானால் அதற்கு முந்தைய சுவரோ பத்திரமோ ஏதாவது ஒன்று வந்து சாட்சி சொல்லட்டும். அதுவரை மன்றோ அங்கே தங்கவில்லை.

இந்தச் சண்டையை இதே பக்கத்தில் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் எந்தப் பழைய கட்டடத்தைக் காட்டினாலும், ஒன்று மன்றோ தங்கினார், இல்லையென்றால் திப்பு சுரங்கம் வெட்டினார். ஒரு கோயில் மலரில் கிருஷ்ணகிரி மலையிலிருந்து சீரங்கப்பட்டணம் வரை சுரங்கம் போகிறது என்று அச்சடித்திருந்தார்கள். காவிரியை அந்தச் சுரங்கம் எப்படித் தாண்டியது என்று கேட்டு எழுதினேன். மலர்க் குழுவில் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதற்காக நான் கேட்டதை வாபஸ் வாங்கமாட்டேன். ஒரு துரையின் பெயரைச் சொன்னால்தான் நம் ஊர் வீட்டுக்கு மதிப்பு என்ற நினைப்பு என்னை உண்மையிலேயே வருத்துகிறது. இது நடுகல் மண். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வெட்டிக் கல் நட்டவர்கள் நாம். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். அந்தக் கல்லில் இருப்பவர்களெல்லாம் ராஜாக்களா?

சரி, உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்ட சொல்லுக்கு வருகிறேன். 'டாக்டர் வீடு.' இங்கிலாந்தில் அந்த முன்னறைக்கு சர்ஜரி என்று பெயர். நம்மிடம் சர்ஜரி என்றால் கத்தி, தியேட்டர், கையெழுத்து. கிளினிக் என்ற சொல் போர்டில் ஏறியது பிறகுதான். எங்கள் வீட்டில் யாரும் 'ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்' என்று சொன்னதில்லை, அது சேலத்துக்குப் போகிற அளவு பெரிய விஷயம். சளி, காய்ச்சல், பேதி, தேள்கடி எல்லாவற்றுக்கும் 'டாக்டர் வீட்டுக்குப் போய்ட்டு வரேன்'தான். ஒரு ராத்திரி என்னை அப்பா தோளில் போட்டுத் தூக்கிப் போனது நினைவிருக்கிறது. கதவைத் திறந்த டாக்டர் வேட்டியும் பனியனுமாக நின்றார். கையில் சாப்பாட்டு ஈரம். உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் ஒன்றாக வந்தன. இன்றைக்கும் ஊசி போடுகிற இடத்துக்குப் போனால் எனக்குப் பசிக்கிறது.

அந்த முன்னறையில் ஒரு தடுப்பு, தடுப்பில் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர். என் பாட்டி கடைசிவரை அவரைக் காம்பவுண்டுச் சுவருக்குக் காவல் இருப்பவர் என்றே நம்பினாள். 'இந்த வீட்டுக்குக் காம்பவுண்டே இல்லையே, இந்த மனுஷனுக்கு எதுக்குச் சம்பளம்?' என்று டாக்டரிடமே கேட்டுவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, பாட்டியை ஜன்னலோரம் நிறுத்தி, கம்பவுண்டர் மருந்து கலக்குவதைக் காட்டினார். பாட்டி பார்த்துவிட்டு, 'ரசம் வைக்கிற மாதிரிதான் இருக்கு, இதுக்கா காம்பவுண்டுன்னு பேரு' என்றாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவருக்கு ரசக்காரர் என்று பெயர். அவருக்கும் அதில் சந்தோஷம்தான். பாட்டிக்கு மட்டும் மருந்து மிக்சரில் பெப்பர்மின்ட் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கழுவி, காயவைத்து, கார்க் போட்டு. மருந்தை ஊற்றிவிட்டு, வெள்ளைத் தாளை நீளமாக மடித்து இரண்டு ஓரமும் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தால், பல் பல்லாக ஒரு பட்டை வரும். அதைப் பசை தடவிக் கம்பவுண்டர் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அளவு தப்பாமல் குடிக்கலாம். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு நான் சிலை வைப்பேன்.

அந்த டாக்டர்கள் பலர் எம்.பி.பி.எஸ். இல்லை. எல்.எம்.பி. படித்தவர்கள், அதாவது மருத்துவக் கல்லூரியில் சேராமல் மருத்துவப் பள்ளியில் படித்து வந்தவர்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்குத் தொடங்கியதும் எல்.எம்.பி. பள்ளிதான், அங்கே எம்.பி.பி.எஸ். வந்தது 1942-ல். சென்னையில் இந்திய மருத்துவமும் அலோபதியும் சேர்த்துப் படித்த எல்.ஐ.எம்.காரர்களும் உண்டு. 1946-ல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான அரசு சுகாதாரக் கமிட்டி இனி ஒரே படிப்புதான், எல்.எம்.பி. வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தரம் உயர வேண்டும் என்ற எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் சின்ன ஊருக்கு வந்து முன்பாதியில் வைத்தியமும் பின்பாதியில் குடித்தனமுமாக உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் இந்தப் படிப்புக்காரர்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் வந்த சின்ன ரயிலும் 1941-ல் நின்றுபோனது. அதன்பிறகு அவசரம் என்றால் மாட்டுவண்டியும் பஸ்ஸும்தான். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல், மருத்துவக் கல்லூரி வந்தது 2008-ல். நடுவில் இருந்த வருடங்களை யார் சுமந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பீஸ் என்று கேட்காமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அதுவும் பாதி நாள் புளியாகவும் ராகியாகவும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில். வீட்டை இடிப்பதற்கு முன்னால் பழைய பேப்பர்காரர் வருவார். என் பயம் அவரைப் பற்றியதுதான். டாக்டர் நோட்டு வைத்திருந்திருப்பார். தேதி, பெயர், ஊர், நோய், மருந்து. நீளமான கணக்கு நோட்டு, சிவப்புத் துணி முதுகு. அதைத் தேடுங்கள். நம் மண்ணில் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு எத்தனை தலைமுறைப் பல்லைக் கறையாக்கி முதுகை வளைத்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் நாட்டில் அந்த எலும்பு நோயை நெல்லூர்ப் பக்கம் கண்டு எழுதியது 1937-ல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் நமக்கு வந்தது 2013-ல். இடையிலே எந்தக் கிராமத்திலிருந்து, எந்த வயதில், 'குனிய முடியவில்லை' என்று வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்? அது அந்த நோட்டில் இருக்கலாம், வேறெங்கும் இருக்காது. கிடைத்தால் கிலோ கணக்கில் போட விடாதீர்கள். நோயாளிகளின் பெயரை மட்டும் அச்சில் ஏற்றாதீர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

அப்புறம் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுக் கொடுங்கள், எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு. யார் யாருக்கு விற்றார், எந்த வருடம், நான்கு எல்லை என்ன என்பது வந்துவிடும். டாக்டரின் படிப்பும் பதிவு வருடமும் வேண்டுமென்றால், 1914 சட்டப்படி மெட்ராஸில் வைத்தியர்களைப் பதிவு செய்து பட்டியல் போட்டார்கள், அதில் தேடலாம். டாக்டரின் பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் போடுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், வீடு அவர்களுடையது. முன்னறையை மட்டும் அப்படியே விட்டு, பின்பாதியில் கடை கட்டுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தத் தடுப்பையும் ஜன்னலையும் பெஞ்சையும் கேளுங்கள். அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளுமா என்று நானும் உங்களோடு வந்து கேட்கிறேன்.

ஒரு வேலை நாளைக்கே செய்யலாம். தெருவில் யாரையாவது ஏணியோடு கூப்பிட்டு, ஒரே ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும், சிலவற்றில் வருடமும் இருக்கும். அதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஓட்டைத் திரும்பவும் அதே இடத்தில் பொருத்திவிட வேண்டும், ஐப்பசி மழை வருகிறது.