வெளிச்சத்துக்காக மட்டும்

வணக்கம் சார்,

ஈராக் போரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஃபலூஜாவில் அமெரிக்க ராணுவம் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டு போட்டதைக் குறிப்பிட்டு, "அமெரிக்காவின் பெயர் கெட்ட இடங்களில் அதுவும் ஒன்று" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். ராணுவச் செய்திகளை விடாமல் படிப்பவன் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை. வெள்ளைப் பாஸ்பரஸ் தடைசெய்யப்பட்ட ஆயுதம் அல்ல. ரசாயன ஆயுதப் பட்டியலிலும் அது இல்லை. புகைத்திரை போடப் பல ராணுவங்களும் அதை வைத்திருக்கின்றன. இத்தாலியத் தொலைக்காட்சி ஒன்று ஊதிப் பெருக்கிய கதை இது. சாதாரணக் குண்டால் கொன்றால் சரி, பாஸ்பரஸால் கொன்றால் தப்பா? வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று பார்த்துக்கொண்டே ஒரு ராணுவம் சண்டை போட முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சட்டம் பற்றி நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி. இத்தாலியப் படம் மிகைப்படுத்தியது என்பதும் சரி. 2005 நவம்பர் 8 அன்று ராய் தொலைக்காட்சி காட்டிய அந்தப் படத்தில், உடுப்பு எரியாமல் உடல் மட்டும் கறுத்துக் கிடந்த பிணங்களைக் காட்டி, இது பாஸ்பரஸின் வேலை என்றார்கள். பாஸ்பரஸ் துணியை விட்டுவிட்டுத் தோலை மட்டும் தேடிப்போய் எரிக்காது. நாள்பட்ட பிணமும் அப்படிக் கறுக்கும்.

மீதிக் கால்வாசி இதுதான். தீமூட்டும் ஆயுதங்கள் பற்றி 1980-இல் ஒரு நெறிமுறை எழுதப்பட்டது. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் அவற்றை விமானத்திலிருந்து வீசக்கூடாது என்கிறது அது. பீரங்கிக்கு அத்தனை கெடுபிடி இல்லை. புகைக்காகவோ வெளிச்சத்துக்காகவோ செய்த குண்டு கூடவே தீயையும் மூட்டினால், அது அந்த விதிக்குள்ளேயே வராது. அமெரிக்கா அப்போது அதில் சேரவும் இல்லை. 2009-இல்தான் சேர்ந்தது, அதுவும் ஒரு விலக்கைக் கையில் வைத்துக்கொண்டு. ஆக, கோர்ட்டுக்குப் போனால் உங்கள் பக்கம் ஜெயிக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்தக் குண்டால் செத்தால் என்ன என்கிறீர்கள். செத்தவனுக்கு வித்தியாசமில்லை, ஒத்துக்கொள்கிறேன். பிழைத்தவனுக்கு உண்டு. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பாஸ்பரஸைத் தண்ணீருக்குள் போட்டு வைத்திருப்பார்கள். ஆசிரியர் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவாரே தவிர யார் கையிலும் தரமாட்டார். காற்றுப் பட்டால் சுமார் 30 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் சரக்கு அது. (நம் ஊர் மே மாதத்தில் காலை எட்டு மணிக்கே அந்தச் சூடு வந்துவிடும்.) சதையில் புதைந்த துணுக்கு, காற்று கிடைத்துக்கொண்டிருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். ஈரத்துணி சுற்றி அணைத்துவிட்டு, அப்புறம் கட்டைப் பிரித்தால் திரும்பப் புகைய ஆரம்பிக்கும். தோட்டாக் காயத்தைப் பார்த்த ஒருவர் இதைப் பார்த்தால் இரண்டையும் ஒன்று என்று சொல்லமாட்டார்.

ஆனால் நான் பெயர் கெட்டது என்று எழுதியது இதை வைத்து அல்ல. சண்டை நடந்தது 2004 நவம்பரில். அடுத்த மாதமே அமெரிக்க வெளியுறவுத்துறை தன் இணையதளத்தில் விளக்கம் போட்டது: ஃபலூஜாவில் பாஸ்பரஸ் குண்டுகளை மிகக் குறைவாகத்தான் பயன்படுத்தினோம், அதுவும் இரவில் எதிரியின் நிலைகளை வெளிச்சம் போட்டுப் பார்க்க வானத்தை நோக்கிச் சுட்டோம், ஆட்கள்மேல் அல்ல. சரி, முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

2005 மார்ச்-ஏப்ரலில் அமெரிக்க பீரங்கிப் படையின் சொந்தப் பத்திரிகையில் ஃபலூஜா சண்டை பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அங்கே இருந்த பீரங்கிப் படையினர். பாஸ்பரஸ் நன்றாக வேலை செய்தது, பதுங்குகுழிகளில் இருந்தவர்களை அதைப் போட்டு வெளியே கிளப்பினோம், வந்தவர்களை வெடிகுண்டால் முடித்தோம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள். இந்த முறைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ஷேக் அண்ட் பேக்'. அமெரிக்க மளிகைக் கடையில் விற்கும் மசாலாத் தூள் பொட்டலத்தின் பெயர் அது. கோழித் துண்டுகளைப் பையில் போட்டுக் குலுக்கி அடுப்பில் வைத்தால் வேலை முடிந்தது. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது சமையலறைப் பெயர் வந்தது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அந்தப் பீரங்கிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

இத்தாலியப் படம் கிளப்பிய புழுதியில் யாரோ இந்தப் பத்திரிகையைத் தோண்டி எடுத்தார்கள். நவம்பர் 10 அன்று வெளியுறவுத்துறை தன் பழைய விளக்கத்துக்குக் கீழே ஒரு குறிப்பைச் சேர்த்தது: எங்களுக்குத் தரப்பட்ட தகவலில் சில தவறு, வெளிச்சத்துக்காக அல்ல, படை நகர்வை மறைக்க, அத்தோடு, பீரங்கிப் பத்திரிகைக் கட்டுரையின்படி, எதிரிகளுக்கு எதிராகவும். தன் ராணுவம் என்ன செய்தது என்பதற்கு ஒரு அரசு பத்திரிகைக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது! இதற்குப் பிறகும் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் ராபர்ட் டட்டில், 'தி இண்டிபெண்டன்ட்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கப் படை நாபாமையோ (ஒட்டிக்கொண்டு எரியும் பெட்ரோல் பசை) வெள்ளைப் பாஸ்பரஸையோ ஆயுதமாகப் பயன்படுத்துவதில்லை என்று. நவம்பர் 15 அன்று பென்டகனின் பேச்சாளர், எதிரிப் போராளிகளுக்கு எதிராகத் தீமூட்டும் ஆயுதமாகப் பயன்படுத்தினோம் என்று பிபிசியிடம் ஒத்துக்கொண்டார்.

நாபாம் கதை இதைவிட மோசம், ஏனென்றால் அதில் மாட்டிக்கொண்டது கூட்டாளி. ஈராக்கில் அப்படிப்பட்ட குண்டு எதுவும் போடவில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னதை நம்பி, பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் ஆடம் இங்ராம் எம்.பி.க்களுக்கு அப்படியே பதில் சொன்னார். 2005 ஜூனில் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. நாபாமின் தம்பி என்று சொல்லத்தக்க மார்க் 77 தீக்குண்டுகள் 30, 2003-இல் வீசப்பட்டிருந்தன. வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான் என்று கேட்டீர்களே, அந்த வெளிநாட்டுக்காரர் தன் படையையும் கூட அனுப்பிச் சண்டை போட்டவர்.

இன்னொன்றும் உண்டு. 1991-இல் ஈராக்கின் குர்து இன மக்கள்மேல் சதாம் படை பாஸ்பரஸ் வீசியிருக்கலாம் என்று வந்த ஓர் அமெரிக்க உளவுக் குறிப்பும் அந்த நாட்களில் வெளியே வந்தது. சரிபார்க்கப்படாத குறிப்புதான். ஆனால் அதில் பாஸ்பரஸ், 'ரசாயன ஆயுதம்' என்றே எழுதப்பட்டிருந்தது. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லிப் போருக்குப் போன நாட்டுக்கு இது எப்படிப்பட்ட அடி என்று யோசியுங்கள்.

இதே நாடகம் காஸாவில் 2009-இல் திரும்ப நடந்தது. முதலில் இஸ்ரேலின் மறுப்பு, படங்கள் வந்தபின் ஒப்புதல். 2013-இல் அந்தப் புகைக்குண்டுகளைக் கைவிடப் போவதாக இஸ்ரேல் ராணுவம் அறிவித்தது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தடை இல்லை, பட்டியலில் இல்லை, பலரும் வைத்திருக்கிறார்கள், எதிரிகள்மேல்தான் போட்டோம். இதையே டட்டில் அன்று லண்டன் பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். நீங்களும் நானும் இப்போது வேறு எதையாவது பற்றி எழுதிக்கொண்டிருப்போம்.