வயசானா ஹார்மோன் ஊசி போட்டுக்கணுமா?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 67 வயசு. போன வருஷம் வரைக்கும் மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்கன்னா வீடு தங்க மாட்டார், இப்ப மடையைத் திறந்து விட்டுட்டு வரப்புலயே உக்காந்துடுறார், பொழுது சாய்ஞ்சா தூங்கி வழியிறார், எதுலயும் பிடிப்பு இல்ல. டெஸ்டோஸ்டிரான்ங்கற ஆண் ஹார்மோன் ஊசி போட்டா இளவட்டம் மாதிரி ஆயிடுவார்னு சொந்தத்துல ஒரு பையன் சொல்றான். போடலாமா?
— ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. ஆம்பளைங்களுக்கு நாப்பது வயசுக்கு மேல இந்த ஹார்மோன் வருஷத்துக்கு சுமாரா 1 சதவீதம் குறைஞ்சுகிட்டேதான் வரும். விரையிலயோ மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியிலயோ கோளாறு இருந்து குறைஞ்சவங்களுக்குத்தான் இந்த மருந்து, வெறும் வயசால குறைஞ்சதுக்கு இல்லன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015லயே எச்சரிச்சிருக்கு.

எனக்கு உறுத்துறது வேற. போன வருஷம் வரைக்கும் நல்லா இருந்தார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, வயசு மட்டும் ஒரே வருஷத்துல ஆளை இப்படி உக்கார வைக்காது. சுகர், ரத்த சோகை, தைராய்டு, கிட்னி, பி12, ஈசிஜி எல்லாம் முதல்ல பாத்துடுங்க, ராத்திரி குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னு நீங்கதான் கவனிச்சு சொல்லணும், மனச்சோர்வு இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், அதையும் டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க. நடக்கறப்ப நெஞ்சு அடைக்குது, மூச்சு வாங்குதுன்னா நாள் தள்ளவே கூடாது.

டெஸ்டோஸ்டிரான் டெஸ்ட்டும் எடுக்கணும்னா காலைல வெறும் வயித்துல, ரெண்டு தனித்தனி நாள் எடுக்கணும். சாயந்திரம் போய் ரத்தம் குடுத்தா தானாவே கம்மியா காட்டும், அதை வச்சே ஊசி ஆரம்பிச்சிடுறாங்க, அது ரொம்ப தப்பு.

ரெண்டு தடவையும் நிஜமாவே குறைவா இருந்து டாக்டர் போடச் சொன்னா போடலாம், ஆனா 65 வயசுக்கு மேற்பட்டவங்களை வச்சு செஞ்ச ஆய்வுல தாம்பத்திய ஆசை கொஞ்சம் கூடுச்சே தவிர அசதி பெருசா போகல. 2023ல வந்த பெரிய ஆய்வுல மாரடைப்பு கூடலன்னாலும் இதயத் துடிப்பு தாறுமாறாறது, நுரையீரல்ல ரத்தம் கட்டுறது, எலும்பு முறிவு இதெல்லாம் மருந்து இல்லாத வெறும் ஜெல் தடவுனவங்களை விட டெஸ்டோஸ்டிரான் ஜெல் தடவுனவங்களுக்கு கொஞ்சம் அதிகமா இருந்துச்சு. ரத்தமும் கெட்டியாகும், அதனால அப்பப்ப ரத்தமும் புராஸ்டேட்டும் பாத்துகிட்டே இருக்கணும்.

கேள்வி: வயசு 51, மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் ஆச்சு. திடீர் திடீர்னு உடம்பெல்லாம் அனலா கொதிச்சு வேர்க்குது, தூக்கமே இல்ல. ஹார்மோன் மாத்திரை எடுத்தா கேன்சர் வரும்ங்கறாங்களே?
— மன்னார்குடி வாசகி

பதில்: அந்த பயம் 2002ல வந்த ஒரு ஆய்வால பரவுனது, அதுல இருந்தவங்க சராசரி வயசே 63. உங்களை மாதிரி 60க்குள்ள, மாதவிலக்கு நின்னு பத்து வருஷத்துக்குள்ள இருக்கறவங்க பெரும்பாலும் எடுத்துக்கலாம், இந்த அனலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்ல, சகிச்சுகிட்டு கிடக்காதீங்க. மார்பகப் புற்றுநோய், ரத்தம் கட்டுறது, பக்கவாதம், ஈரல் கோளாறு முன்னாடி இருந்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. கர்ப்பப்பை எடுக்காதவங்கன்னா ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனை மட்டும் தனியா எடுக்கவே கூடாது, புரோஜெஸ்டிரோன்ங்கற இன்னொரு பெண் ஹார்மோனும் சேர்த்துத்தான் எடுக்கணும், மருந்துக்கடைல நீங்களா கேட்டு வாங்கிடாதீங்க.