சிவாஜி கணேசன் பெற்ற விருதுகளுள் மிக முக்கியமானதாக நீங்கள் எதைக் கருதுகிறீர்கள்?

திருநெல்வேலிச் சீமைக்காரன் என்பதால் என் பதிலில் சற்று ஊர்ப்பாசம் கலந்திருக்கும். ஆனாலும் 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக அவர் பெற்ற சிறந்த நடிகர் விருதையே நான் முதலில் வைப்பேன். அதே விழாவில் ஜி. ராமநாதனுக்கும் இசைக்கான விருது கிடைத்தது.

மற்றவை சிறியவை அல்ல. 1966-இல் பத்மஸ்ரீ, 1984-இல் பத்மபூஷண், 1995-இல் பிரான்சு அரசின் செவாலியே, 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது என்று அவை நீள்கின்றன. சென்னை தியாகராய நகரின் தெற்குப் போக் சாலைக்குச் சூட்டப்பட்ட புதுப்பெயரில்கூடச் செவாலியே ஒட்டிக்கொண்டது. சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் கடைசி வரை அவருக்கு வாய்க்கவில்லை. நடிகர்களுக்கு அவ்விருது வழங்கும் வழக்கமே 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது என்பதால், கட்டபொம்மனும் கப்பலோட்டிய தமிழனும் அதன் கணக்கிலேயே வரவில்லை. அதற்குப் பிந்தைய படங்களையும் குழுவினர் தாண்டிப் போனதற்கு எனக்குச் சமாதானம் தோன்றவில்லை.

கெய்ரோ விருதை நான் தனித்துச் சொல்வதற்குக் காரணம், அந்த வேடம் அவருக்கு மேடையிலிருந்து வந்தது என்பதே. சிறுவயதில் கம்பளத்தார் நடத்திய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்ததுதான் தம்மை நடிப்பின் பக்கம் இழுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னர் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தில் 1957 முதல் ஊர் ஊராக அவ்வேடத்தைக் கட்டி, வசனத்தின் ஏற்ற இறக்கங்களை இரசிகர்களின் முன்னிலையிலேயே பதம் பார்த்த பிறகே 1959-இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் அதைத் திரையில் செய்தார். திரைக்கு அந்த நடிப்பு சற்று உரக்க இருக்கிறது என்று குறை சொல்வோர், எங்கள் பக்கத்துக் 'கட்டபொம்மு' கூத்தை விடிய விடிய உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் (1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டந்தான்) சிவாஜி தம் சொந்தப் பணத்தில் இடம் வாங்கிச் சிலை எழுப்பினார். நெல்லையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகும்போது அந்தச் சிலையைக் காட்டி, "சிவாஜி வச்ச சிலை" என்றுதான் என் தந்தையார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கட்டபொம்மன் பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னார்.