இன்டர்வியூ கோட்டும் பே லேட்டர் பாக்கியும்

கேள்வி: திருச்சியில் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்த மாதம் சென்னையில் ஐடி கம்பெனி இன்டர்வியூ. ‘பிசினஸ் கேஷுவல்’ உடையில் வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. முந்தைய இரண்டு இன்டர்வியூக்களுக்கு பே லேட்டர் ஆப்பில் (இப்போது வாங்கி, பிறகு தவணையில் கட்டுவது) டிரஸ் எடுத்ததில் 11,400 ரூபாய் பாக்கி. மாதம் 800 கட்டுகிறேன். வட்டி மாதத்துக்கு 3%, கட்டணம் 118 ரூபாய். “ஆள் பாதி, ஆடை பாதி. கோட் இல்லாமல் போகாதே” என்கிறார் மாமா. 9,500 ரூபாய் கோட் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில், அதாவது வட்டியில்லாத் தவணையில், கிடைக்கிறது. வாங்கிவிட்டு முதல் சம்பளத்தில் அடைக்கலாமா? வங்கித் தேர்வுக்கும் படிக்கிறேன். அரைப் பவுன் மோதிரம் தவிர கையில் எதுவும் இல்லை. கடன் விஷயம் வீட்டுக்குத் தெரியாது.

பதில்: வாங்காதீர்கள். பிசினஸ் கேஷுவலுக்குக் கோட்டும் டையும் தேவையில்லை. முழுக்கைச் சட்டை, அடர்நிற பேன்ட், பெல்ட், ஷூ போதும். காலேஜுக்கே டக்-இன், கறுப்பு ஷூ என்றுதானே போகிறீர்கள்? இருக்கும் சட்டைகளில் காலர் நையாத ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் தொளதொளவென்று இருப்பதை டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்; 100 ரூபாய்க்குள் முடியும். பேன்ட் மட்டும் துணி எடுத்துத் தைக்கலாம்: சுமார் 1.2 மீட்டர் துணி, தையற்கூலி எல்லாம் சேர்த்து 1,100. ஷூவுக்கு சோல் ஒட்டி பாலீஷ் போட 150. இன்னொரு வெளிர்நீலச் சட்டை வேண்டுமென்றால் 700. எல்லாம் சேர்ந்து 2,000 சொச்சம். அந்த 2,000-ஐ மாமாவிடமே கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் ஆலோசனையாவது நிற்கும்.

என் கவலை கோட் அல்ல. ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் ஆப்பைத் திறக்கிறீர்களே, அந்தப் பழக்கம். நீங்கள் கட்டும் 800-ல் வட்டிக்கே 342 போகிறது, கட்டணம் 118. அசலில் குறைவது 340-தான். இனி ஒரு பைசா வாங்காமல் இருந்தாலும் முடிய ஏறக்குறைய இரண்டு வருடம். மொத்தம் 19,000 ரூபாய் போயிருக்கும். அதன் மேல் இன்னொரு 9,500-ஆ?

‘நோ காஸ்ட்’ என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். பிராசஸிங் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி கைவிட்டுப் போவது எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும். 2,500 ரூபாயைத் தாண்டிய உடைக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 18%. வரி சேர்ந்த விலை 9,500 என்றால் ஏறக்குறைய 1,450 வரிக்கே போகிறது.

முதல் சம்பளக் கணக்கும் உதைக்கிறது. 3.6 லட்சம் பேக்கேஜ் என்றே வையுங்கள். பிடித்தம் போக மாதம் 26, 27 ஆயிரம் வரும். பிஜி அட்வான்ஸ், வாடகை, சாப்பாடு என்று அதற்கு ஏற்கெனவே ஆள் காத்திருக்கிறது. ஆஃபர் லெட்டர் வந்தும் ஜாயினிங் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பேட்ச்கள் உண்டு. அதுவரை தவணையை யார் கட்டுவது?

வங்கித் தேர்வு எழுதுபவர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கடன் வரலாறு மோசம் என்று ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. அது சரிதான் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது ஒழுங்காகத்தான் கட்டுகிறீர்கள். கோட் தவணையும் சேர்ந்து ஒரு மாதம் தவறினால் அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஏறிவிடும்.

மோதிரத்தை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வைத்து, ஆப் பாக்கி 11,400-ஐ மொத்தமாக அடைத்துவிடுங்கள். அரைப் பவுனுக்கு இந்தத் தொகை தாராளமாகக் கிடைக்கும். வட்டி வருடத்துக்கு 10% அக்கம்பக்கம் என்றால் முதல் மாதத்துக்கு 95 ரூபாய். அதே 800-ஐ அங்கே கட்டினால் 15, 16 மாதத்தில் மோதிரம் திரும்பிவிடும். மொத்தச் செலவு 12,200-ஐ ஒட்டி. வைப்பதற்கு முன் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். விரலில் மோதிரத்தைக் காணோமே என்று அவர் கேட்டு நீங்கள் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆப் கடனை முடிக்கும்போது பணம் கட்டியதோடு விடாதீர்கள். கணக்கை மூடச் சொல்லி, தடையில்லாச் சான்று வாங்கி, வங்கிக் கணக்கில் அவர்களுக்குக் கொடுத்த ஆட்டோ டெபிட் அனுமதியையும் ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை இலவசம். அந்தக் கடன் ‘முடிந்தது’ என்று அதில் காட்டவில்லை என்றால் உடனே புகார் பதிவு செய்யுங்கள்.