பெயரைச் சொன்ன பேய்

வணக்கம் சார்,

நல்லம்பள்ளியில் இருந்து எழுதுகிறேன். தினமும் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பேய்ப் படம் பார்த்தோம். முதல் முக்கால் மணி நேரம் என் மனைவி தண்ணீர் குடிக்கக்கூடத் தனியாக எழுந்து போகவில்லை. இடைவேளைக்கு அப்புறம் ஒரு பிளாஷ்பேக், அதில் ஒரு பாட்டு, ஒரு கொலை. பிறகு மந்திரவாதி, எலுமிச்சம்பழம், கிராபிக்ஸ் புகை. கடைசியில் என் பையன் சிரித்தான். நானும் பத்துப் பத்து நொடியாகத் தள்ளிவிட்டுத்தான் முடித்தேன்.

ஏன் சார் பேய்ப் படங்கள் நன்றாக ஆரம்பித்து இப்படிப் போய் விழுகின்றன? நம் ஆட்களிடம் பணம் இல்லாததாலா? வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் எப்படிச் சரியாக எடுக்கிறார்கள்? நானும் நண்பர்களும் ஒரு குறும்படம் எடுக்க இருக்கிறோம், அதனால்தான் கேட்கிறேன். கணவாயில் லிஃப்ட் கேட்கும் ஒரு பெண். அவள் யார், எப்படிச் செத்தாள் என்பது கடைசி இரண்டு நிமிடத்தில்தான் தெரியும். ராத்திரியில் அங்கேயே எடுக்கத் திட்டம். அப்பாவிடம் கதையைச் சொன்னேன். சின்ன வயதில் பேயோட்டுவதை நேரில் பார்த்தவர் அவர். "அவ யாருன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் என்னடா பயம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பழைய காலத்து ஆள், சினிமா புரியாது. கடைசிவரை சொதப்பாத ஐந்து பேய்ப் படங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா பதில் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பேயோட்டுவதை நேரில் பார்த்த ஒரு மனிதர் உங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறார். நீங்களோ பேய்ப் படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை, 'சினிமா புரியாது' என்று ஒதுக்க மட்டும் தோன்றியிருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தை ஓர் எழுத்து மாறாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அதற்காகவே இந்தப் பதில். நான் வெகுநாளாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும் விஷயமும் அதுதான்.

மற்றதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பணம் காரணம் இல்லை. 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' சிக்கனமாக எடுக்கப்பட்ட படம். அதில் ஒரு பெண் ராத்திரியில் நீச்சல் குளத்தில் தனியாக மாட்டிக்கொள்வாள். சுவரெல்லாம் தண்ணீரின் வெளிச்சம் ஆடும், ஒரு நிழல் நகரும், எங்கிருந்தோ உறுமல் கேட்கும். அவ்வளவுதான். 80 வருஷம் தாண்டியும் அந்தக் காட்சி நிற்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்பதும் சரியில்லை. 1979-ல் வந்த 'வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்' படத்தின் முதல் இருபது நிமிடத்தைப் பாருங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு ஃபோன் வந்துகொண்டே இருக்கும். அந்த அழைப்பு அதே வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று போலீஸ் சொல்லும். அதற்குப் பிறகு கதை ஏழு வருஷம் தாவிக் குதித்துத் துப்பறியும் படமாகிவிடும். ஏனென்றால் இயக்குநர் ஃப்ரெட் வால்டன் 1977-ல் எடுத்த 'தி சிட்டர்' என்ற குறும்படத்தின் கதைதான் அந்த ஆரம்பம். ஏற்கெனவே முடிந்த கதையை முழுநீளத்துக்கு இழுத்தார்கள்.

அப்புறம் அந்தப் பத்து நொடி. படம் பிடிக்காததால் தள்ளினேன் என்பீர்கள். படம் எடுக்கப் போகிறவர் பிடிக்காத படத்தைத்தான் முழுதாகப் பார்க்க வேண்டும். எந்தக் காட்சியில், எந்த வசனத்தில் உங்கள் மனைவி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்? அதைக் கவனித்திருந்தால் எனக்குக் கடிதம் எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

நான் கவனித்த இடத்தைச் சொல்கிறேன். அது சினிமாக் கொட்டகையில் இல்லை.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் சின்னம்மாவுக்குக் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்றார்கள். அவள் கத்தவில்லை, ஆடவில்லை. கிணற்றில் தண்ணீர் சேந்திக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். வாசலுக்கு வந்ததும் கொட்டிவிடுவாள். மறுபடியும் கிணற்றுக்குப் போவாள். கேட்டால் பதில் கிடையாது, ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். வாசல் மண் சேறாகி, அவள் பாதச் சுவடு அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கும். பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில் ஒரு கதவும் திறந்திருக்காது. ஆயா நிலைப்படியில் வேப்பிலை செருகிவைத்தாள். கொல்லைப்பக்கம் போக நாங்கள் துணைக்கு ஆள் தேடினோம். இன்னது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் தெருவே சத்தமில்லாமல் இருந்தது.

பிறகு வெளியூரில் இருந்து பூசாரியை அழைத்துவந்தார்கள். பம்பை, உடுக்கை, கற்பூரப் புகை. தலைமுடியை அவிழ்த்துவிட்டுச் சின்னம்மாவை நடுவில் உட்காரவைத்தார்கள். "யாரு நீ? எந்த ஊரு? எதுக்கு இந்தப் புள்ளையப் புடிச்ச?" வெகுநேரம் அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பம்பை வேகம் எடுத்தது. திடீரென்று வேறு குரலில் ஒரு பெயரைச் சொன்னாள்.

பக்கத்து ஊர்க் கிணற்றில் விழுந்து செத்துப்போன ஒரு பெண்ணின் பெயர் அது. சுற்றி நின்ற பொம்பளைகள் "அய்யோ, அவளா!" என்றார்கள். ஒருத்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "எம்புட்டுப் பாடு பட்டா அந்த வீட்ல" என்று இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பேரம். என்ன வேணும் என்று பூசாரி கேட்டார். சேவல் வேணும், மல்லிகைப்பூ வேணும், சிவப்பு ரவிக்கை வேணும். தருகிறோம், போய்விடுவாயா? போய்விடுகிறேன். சத்தியம் பண்ணு. பண்ணினாள். புளியமரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், உச்சிமயிரில் கொஞ்சத்தை ஆணியில் சுற்றி அடித்து அறுத்தார்கள். அன்று ராத்திரியே நாங்கள் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினோம்.

நண்பரே, இந்த வரிசையைக் கவனியுங்கள். கேள்வி, பெயர், குறை, பேரம், சத்தியம், ஆணி. பயத்தை இறக்குவதற்காக நம் முன்னோர் பல தலைமுறையாகப் பழக்கிவைத்த வரிசை இது. பெயர் வெளியே வந்ததும் பாதி பயம் போய்விடும். குறையைக் கேட்டதும் மீதி பரிதாபமாக மாறிவிடும். ரவிக்கை கேட்கும்போது அது நம்மோடு பேச்சுவார்த்தைக்கு வந்த ஓர் ஆள், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் பார்த்த படத்தை யோசித்துப் பாருங்கள். இடைவேளைக்கு அப்புறம் பேய் தன் பெயரைச் சொல்கிறது. பிளாஷ்பேக்கில் குறையைச் சொல்கிறது. கிளைமாக்ஸில் பழி கேட்கிறது, வாங்கிக்கொள்கிறது, போய்விடுகிறது. அப்படியே பூசாரியின் வரிசை! பேயை ஓட்டும் முறையையே பேய்ப் படத்தின் திரைக்கதையாக வைத்திருக்கிறோம். பார்க்கிறவன் பிளாஷ்பேக் முடியும்போதே குணமாகிவிடுகிறான். படமோ இன்னும் முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்கிறது. குணமானவனை உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப வேப்பிலை அடிக்கிற மாதிரிதான் அந்தப் புகையும் இரைச்சலும். உங்கள் பையன் சிரிக்காமல் என்ன செய்வான்?

இன்னொன்றும் நடக்கிறது. பிளாஷ்பேக் பேயின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிரூபித்துவிடுகிறது. அவளை எரித்தவன், ஏமாற்றியவன் யார் என்று தெரிந்ததும் நாம் அவள் கட்சிக்குப் போய்விடுகிறோம். வில்லனை எப்போது தூக்கிப் போடுவாள் என்று காத்திருக்கிறோம், போட்டதும் கைதட்டுகிறோம். கைதட்டுகிற இடத்தில் பயம் எப்படி இருக்கும்? பழிவாங்கும் கதையாக எடுக்கிறேன் என்று ஆரம்பித்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிரிக்கவைக்கத்தான் எடுக்கிறேன் என்று வந்த பேய்ப் படங்கள் மீதும் குறை இல்லை. பயமுறுத்துகிறேன் என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் பாதியில் கேஸ் நடத்துவதுதான் ஏமாற்று.

2009-ல் வந்த 'யாவரும் நலம்' படத்தில் ஒரு லிஃப்ட் உண்டு. மற்றவர்கள் ஏறினால் போகும், மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகராது. அவர் இறங்கிப் படியேறிப் போவார். அந்த லிஃப்ட் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. எனக்கு அந்தப் படத்தில் மிரட்சியாக இருந்தது அதுதான். பின்பாதியில் அந்த இடத்தில் முன்பு நடந்த கொலைகளைத் துப்புத் துலக்கப் போனதும் கதை சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் லிஃப்டில் இருந்த பயம் அதில் இல்லை.

அப்படியானால் பேயின் கதையைச் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம், முதலிலேயே சொல்லுங்கள். எங்கள் ஆயா சொன்ன கதை எதிலும் 'யார் அவள்' என்பது கடைசிவரை மர்மமாக இருந்ததில்லை. "புருசன் அடிச்சான்னு கெணத்துல விழுந்தாளே ஒருத்தி, அவ" என்றுதான் முதல் வாக்கியமே இருக்கும். அதற்கப்புறம்தான் பயம் தொடங்கும். 'சந்திரமுகி'யும் அப்படித்தான். கங்கா அந்த அறையைத் திறப்பதற்கு முன்பே அங்கே இருந்தவள் யார், என்ன ஆனாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் அவள் கதவைத் திறக்கப் போகிறாளே என்றுதான் பதறுகிறோம். செத்தவளின் கதை தெரிந்திருப்பதால் பயம் போவதில்லை. செத்தவள் நம் முன்னால் வந்து கணக்குப் பேச ஆரம்பிக்கும்போதுதான் போகிறது. உங்கள் அப்பா கேட்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். கடைசி இரண்டு நிமிடத்தில் விடை வந்துவிட்டால், பார்க்கிறவன் நிம்மதியாக எழுந்து போய்விடுவான்.

உங்கள் கணவாயையே எடுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரிப் பக்கமிருந்து பாரத்தோடு சேலத்தை நோக்கி இறங்குகிற சரிவு அது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் எத்தனை வண்டிகள் கவிழ்ந்திருக்கின்றன என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு லாரி டிரைவரோடு ஒருமுறை அந்த வழியாக வந்தேன். ஒரு வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பாட்டை நிறுத்தினார். இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினார். வளைவு தாண்டியதும் மறுபடி பாட்டைப் போட்டார். நான் கேட்டேன். தனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே வண்டியோடு போனதைச் சொன்னார். காரணமெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும், பிரேக். அதற்கும் கண்ணாடியைப் பார்க்காமல் இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளைப் புடவைக்காரி லிஃப்ட் கேட்பதைவிட அந்தக் கண்ணாடி எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சின்னம்மாவைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். பேய் போன பிறகு எல்லோரும் அவளை மறந்துபோனோம். பேயின் குறையை ஊரே நின்று கேட்டது. அந்தப் புள்ளையின் குறை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணமாகிக் குழந்தை தங்காமல் இரண்டு முறை போயிருந்தது அவளுக்கு. இன்றைக்காக இருந்தால் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சண்டை போட்டிருப்பேன். சில மாதம் கழித்து அவள் வாசல் மண் மறுபடி ஈரமாக இருந்தது. ஆணியடித்து முடித்த பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? நானும் சொல்லவில்லை.

நம் படங்கள் சொதப்புகிற இடம் இதுவும்தான். பிளாஷ்பேக் வந்ததும் அந்த வீட்டில் குடியிருக்கிற குடும்பம் காணாமல் போய்விடும். அதுவரை அவர்களோடு சேர்ந்துதானே நாம் பயந்தோம்? 2022-ல் மலையாளத்தில் வந்த 'பூதகாலம்' அந்த அம்மாவையும் மகனையும் விடவே இல்லை. அம்மாவுக்கு மன அழுத்தம், மகனுக்கு வேலை இல்லை, இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் நம்புவதில்லை. வீட்டின் பழங்கதை சுருக்கமாக வந்து போகும், படம் இவர்களிடம்தான் இருக்கும். அதைப் பாருங்கள், பத்து நொடி தள்ளாமல். ஐந்து படப் பட்டியல் தர மாட்டேன். பட்டியலை வைத்துக்கொண்டு நீங்கள் மறுபடி மொபைலில்தான் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் குறும்படத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் யார் என்பதை முதல் நிமிடத்திலேயே, பைக் ஓட்டுகிறவனின் வாயாலேயே சொல்லிவிடுங்கள். அவனுக்கு அவளைத் தெரிந்திருக்கட்டும். தெரிந்தும் அவன் ஏன் தினமும் அந்த வழியாகவே போகிறான் என்று எழுதுங்கள். அது எழுத வந்தால் மீதி தானாக வரும். வராவிட்டால் கட்டிலில் படுத்திருப்பவரை எழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, யாருக்குப் பேயோட்டினார்கள், அந்த ஆள் அப்புறம் என்ன ஆனார் என்று கேளுங்கள். அவர் பார்த்ததைச் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.

கடைசியாக, ராத்திரியில் கணவாயில் எடுக்கிற யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். வளைவில் டிரைபாட் வைத்துக்கொண்டு நான்கு பையன்கள் நிற்பது, பிரேக் பிடிக்காமல் இறங்கி வருகிறவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. உங்களுக்கு ஒரு பையன் இருக்கிறான். வண்டி போகாத ஏதாவது ஏரிக்கரை மண் ரோட்டில் ஒரு டியூப்லைட்டை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அது தொப்பூர் இல்லை என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எடுத்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.